அடக்கிய தும்மல்

இரண்டு வருஷம் முன்பு, பாறசாலை பக்கம் எங்கள் சபையில் ஒரு கல்யாணம். நான் பாட்டுக்குழுவில் முன்வரிசை. போதகர் ஜெபிக்க, எல்லோரும் கண்மூடி நிற்கும்போது எனக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தி அடக்கிவிட்டேன். இடது காதுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம்.

விருந்து முடிவதற்குள் அந்தக் காது அடைத்துவிட்டது. மறுநாள் தையல் மெஷினில் உட்கார்ந்தால் தரை சாய்ந்தது. குக்கர் விசிலடித்தால் சமையலறையே சுற்றியது. பிரஷர், சுகர் எல்லாம் பார்த்தாயிற்று. கழுத்தெலும்புத் தேய்மானம் என்று மாத்திரையும் தின்றேன். பத்து நாளாகியும் சுற்றல் நிற்கவில்லை. இடது பக்கம் நின்று கணவர் கூப்பிட்டால் கேட்பதும் இல்லை. நிஜமாகவே பயந்துபோனேன்.

பிறகுதான் நெய்யாற்றின்கரையில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் போனோம். அதுவரை பார்த்த டாக்டர்கள் 'என்ன செய்யுது' என்றுதான் கேட்டார்கள். இவர் வேறு மாதிரி கேட்டார்.

"இது தொடங்கின நிமிஷம் என்ன செய்துட்டு இருந்தீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர், சபையில சும்மா நிண்ணேன்."

"சும்மா நிண்ணா காது அடைக்காது சேச்சி. நல்லா ஓர்த்துப் பாருங்க."

வெட்கத்தோடு தும்மலைச் சொன்னேன். கணவர் சிரித்துவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை என் முன்னால் இழுத்துப் போட்டு, காதுத்துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மடலை விரலால் அழுத்தினார். அறை கிர்ரென்று சுற்றியது. என் கண்ணையே உற்றுப் பார்த்தவர், கணவரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"கர்த்தாவே, கண்ணு தானா ஓடுதே!" என்றார் கணவர். சிரிப்பு போயே போய்விட்டது.

உள்காதில் சில துளி நீர்தான் உண்டாம். தும்மலை அடக்கின வேகத்தில் அதை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்து நீர் கசிகிறது என்று டாக்டரம்மா சந்தேகப்பட்டார். "ஸ்கேன்லயும் சிலப்போ தெரியாது. முதல்ல ஓய்வெடுத்துப் பார்க்கலாம்" என்றார். தலையை உயர்த்தியே படுக்கணும், குடம் தூக்கக்கூடாது, முக்கக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மிவிடணும். இரண்டு வாரம் அப்படியே கிடந்தேன். சுற்றல் கொஞ்சம் குறைந்தது. ஆனால் காது எவ்வளவு கேட்கிறது என்று திரும்பவும் சோதனை செய்தபோது காது இன்னும் மோசமாகியிருந்தது. ஆபரேஷன்தான் வழி என்றார்கள்.

செவிப்பறையைத் தூக்கி, கசியும் இடத்தில் காதுக்குப் பின்னாலிருந்து எடுத்த துணுக்குச் சதையை வைத்து அடைத்தார்களாம். கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுகிறவள் நான். என் காதுக்குள்ளேயே ஒட்டு! வலியிலும் அதைக் கேட்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சுற்றல் அடியோடு போயிற்று. கேட்கும் திறன் முழுசாகத் திரும்பவில்லை. கூட்டத்தில் ஆள் பேசினால் இன்றும் வலது காதைத்தான் கொடுக்கிறேன். ஆனால் ஒன்று: வெட்கப்பட்டு இரண்டாவது தடவையும் 'ஒண்ணும் இல்ல' என்று சொல்லியிருந்தால் எந்த டாக்டரும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார், அதனால் இப்போதெல்லாம் யாராவது சுகமில்லை என்று வந்தால், அவர்கள் சொல்லாமல் விடுகிற சின்னக் காரியத்தைக் கேட்கத்தான் எனக்கு முதலில் ஆசை வருகிறது.