ஆவுடையம்மாள் விழுங்கின மருந்து

ஆவுடையம்மாளுக்கு மூச்சிழுப்பு உண்டு என்பது குற்றாலத்தில் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. அதை மறைக்க அவள் பட்ட பாட்டை வேறு எதற்காவது பட்டிருந்தால் உருப்பட்டிருப்பாள். அருவிக்குப் போகிற ரோட்டில், நேந்திரங்காய் சிப்ஸ் போடும் கடையில், இருபத்திரண்டு வருஷம் விறகடுப்பின் முன்னால் நின்றவள் அவள். சாரல் பிடித்துவிட்டால் ஈர விறகு புகைந்து தள்ளும். இருமினால், "வத்தப்பொடி நெடி" என்பாள். மூச்சு வாங்கினால், "ரத்தம் கம்மியாம்" என்பாள். பொய் அவளுக்கு அத்தனை சுளுவாக வரும்.

எல்லாம் மகள் அபர்ணாவுக்காகத்தான். தாய்க்கு இழுப்பென்றால் மகளுக்கும் இருக்கும் என்று மாப்பிள்ளை வீட்டார் நழுவிவிடுவார்கள். கொடுமை என்னவென்றால், மகளுக்கும் இருந்தது. பத்தொன்பது வயதிலேயே வந்துவிட்டது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் ஆவுடையம்மாளுக்குக் கேப்சூல் எழுதிக்கொடுத்தார். உள்ளே பொடி இருக்கும். அதை ஒரு பிளாஸ்டிக் குழலில் போட்டு வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். குழலும் வாயுமாக எவளாவது பார்த்தால் ஊரே பேசிவிடாதா? "குழல் வேண்டாம், மாத்திரை மட்டும் குடுங்க" என்று மருந்துக்கடையில் வாங்கிவந்து, வெந்நீரில் விழுங்கினாள். உள்ளே போனால் சரிதானே என்று நினைப்பு. மகளுக்கு வந்தபோதும் அதையே பழக்கினாள். பண்பொழியில் கட்டிக்கொடுத்தபோது, சத்து மாத்திரை டப்பாவில் அந்தக் கேப்சூலை நிரப்பி அனுப்பிவைத்தாள். அடப்பாவி மனுஷி!

இந்த ஆனியில் பத்தடி நடப்பதற்குள் சுவரைப் பிடித்து நிற்க வேண்டியதாயிற்று. புருஷன் பேச்சிராஜ் அவளைத் தென்காசிக்கு இழுத்துக்கொண்டு வந்தான். நெஞ்சு டாக்டர் கிருபா ஒரு மிஷினில் ஊதச் சொன்னார். அப்புறம் ஸ்கேன். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்றது ஸ்கேன் மிஷின் குரல். அது பரவாயில்லை. "முழுசா வெளிய விட்டுட்டு அப்படியே இருங்க" என்றதுதான் எமனாக இருந்தது. மூன்று தரம் இருமிக் கெடுத்து, நாலாவது தரம்தான் படம் விழுந்தது.

கம்ப்யூட்டரில் டாக்டர் காட்டினார். "மோதிரம் மாதிரி தெரியுதுல்ல, அதான் மூச்சுக்குழல். சுவர் தடிச்சுப்போய் உள்ள வழி குறுகிட்டு. இது மூச்ச வெளிய விட்டப்புறம் எடுத்தது. அங்கங்க கறுப்பாவே நிக்குது பாருங்க, உள்ள போன காத்து வெளிய வரல."

"பழையபடி ஆயிருமா?" இதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

"மருந்து எப்படி எடுக்கீங்க? செஞ்சு காட்டுங்க."

பையிலிருந்து கேப்சூலை எடுத்து, பாட்டில் தண்ணியை ஊற்றி மடக்கென்று விழுங்கினாள். "ஒன்பது வருஷமா ஒருநாள் தவறினதில்ல டாக்டர்" என்றாள் பெருமையாக.

கிருபா இன்னொரு கேப்சூலை வாங்கித் திறந்து காட்டினார். "நெஞ்சுக்குள்ள போக வேண்டிய பொடிம்மா இது. வயித்துக்குப் போய் என்ன செய்யும்? வீக்கம் ஆறாமலே குழல் இறுகிட்டு. அடுப்புப் புகை வேற. இனி ஒழுங்கா உறிஞ்சினா இருக்கதக் காப்பாத்தலாம். போனது வராது."

பேச்சிராஜ் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் அழவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு வருஷந்தான் விழுங்கியிருந்தா?"

"யாரு?"

"ஒரு பிள்ள. இருபத்துமூணு வயசு."

"உடனே கூட்டிட்டு வாங்க. இப்பவே சரியா ஆரம்பிச்சா தடுத்திரலாம். தள்ளிப்போட்டா அவளுக்கும் இந்தப் படந்தான்."

வெளியே வந்ததும் வராததுமாகப் போன் போட்டாள்.

"எம்மா, அத்தை பக்கத்துல இருக்காங்க. பொறவு பேசுதேன்" என்றாள் அபர்ணா, தாழ்ந்த குரலில்.

ஆவுடையம்மாள் போனை வைக்கவில்லை. பொறவு என்றால் எப்போது? இன்று ராத்திரியும் ஒன்றை விழுங்குவாள், நாளைக்கும் விழுங்குவாள். குழலைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அந்த வீட்டில் எங்கே ஒளிந்து உறிஞ்சுவாள்?

"போன அவுககிட்ட குடுட்டி."

"எம்மா..."

"குடுங்கேன்லா!"

சம்பந்தி பார்வதியம்மாள் வாங்கினாள். "என்ன மைனி?"

"மைனி... எம் பிள்ளைக்கு... இழுப்பு." சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கிற்று. "கல்யாணத்துக்கு முந்தியே... உண்டும். நாந்தான் மறச்சேன். அவ மேல தப்பில்ல. அவ மருந்து உறிஞ்சணும்... தெனமும்."

போனில் பின்னால் அபர்ணாவின் அழுகை கேட்டது.

"எங்க தலையில நோயக் கட்டிட்டீயளா? நல்லாருக்கு நியாயம்! வந்து ஒங்க மகளக் கூட்டிட்டுப் போங்க. திரும்ப அனுப்பலாம்னு நெனைக்காதீய."

போன் அணைந்தது. பேச்சிராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "ஏட்டி, பிள்ள வாழ்க்கையே போச்சே! ஏன் சொன்ன?"

"வாழாவெட்டியா இருந்தாலும் மூச்சு விட்டுட்டு இருக்கட்டும்" என்றாள் ஆவுடையம்மாள். "ஆட்டோவக் கூப்பிடுங்க. பண்பொழிக்குப் போகணும்."