பெரட்டுக்கு வராதவர்கள்

காளியண்ணன் கங்காணி வேலையை விட்டு எட்டு வருசமாச்சு. வேலைதான் அவரை விடவில்லை. திரிங்காப் ஊரைத் தாண்டின மலைத் தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைகுட்டி இல்லாத கிழடுகளுக்கென்று துரை ஒரு பழைய லயத்தை, கூலியாட்களின் வரிசை வீட்டை, ஒதுக்கியிருந்தார். விடிந்ததும் அத்தனை பேரும் வாசலில் வரிசையாக நிற்க, காளியண்ணன் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பெரட்டு! வேலைக்குப் போகிறவனுக்குப் பெரட்டு சரி, கஞ்சிக்கு உட்காருகிறவனுக்கு எதுக்கு? யாரும் கேட்கவில்லை. ஆயுசு முழுக்க நின்று பழகின கால்கள், தானாக வந்து நின்றன.

மனுசன் லேசுப்பட்ட ஆளில்லை. வேலையில் இருந்த காலத்தில், ஒரு தடவை முனியாண்டி காய்ச்சலோடு பிந்தி வந்ததற்கு அரைப் பேர்தான் போட்டார். பாதி நாள் சம்பளம் போச்சு. "காய்ச்சலாம் காய்ச்சல்! தேயிலைக்குக் காய்ச்சல் வருதா?" என்று கேட்ட வாய் அது. முனியாண்டி ஒவ்வொரு தீபாவளிக்கும் இதைச் சொல்லிக் காட்டுவார். இப்போது இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஒரே சுருட்டு.

எழுபதாம் வருசம் ஹாங்காங் காய்ச்சல் மலையேறி வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் டிரசர் அர்ஜுனன், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"கங்காணியாரே, பெரட்டுக்கு எழுந்து வர முடியாத ஆளை எங்கிட்ட சொல்லிடணும். லோரியில டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம். மறைச்சா எல்லாருக்கும் பரவிடும் லா."

முதலில் செல்லையா போனார். சில நாளில், முடிந்துவிட்டதென்று செய்தி வந்தது. அவ்வளவுதான், லோரி ஏறினால் திரும்ப மாட்டோம் என்று கிழடுகள் முடிவு கட்டிவிட்டன. உடம்பு அனலாய்க் கொதித்தாலும் முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். சாய்கிறவரைப் பக்கத்து ஆள் தாங்கிக்கொள்வார். இப்படி ஒட்டி ஒட்டி நின்றே காய்ச்சல் ஆள் மாறி ஆள் தொற்றியது. அட பாவிகளா!

முனியாண்டிக்கும் வந்தது. "காளி, என்னை அந்த லோரிக்குக் குடுத்துடாதடா," என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காளியண்ணனும் மறைத்தார். இரண்டு நாள் தன் தோளில் சாய்த்து நிறுத்தினார். அடுத்த விடியலில் முனியாண்டிக்கு மூச்சு இழுத்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. இங்கேயே கிடந்தால் செத்துப்போவான். அனுப்பினால் நான் காட்டிக் கொடுத்தவன்.

அர்ஜுனன் வந்து நிற்க, பெரட்டு தொடங்கியது. காளியண்ணன் டிரசர் பக்கம் திரும்பினார்.

"முனியாண்டி வரல."

தூக்கிக்கொண்டு போகும்போது முனியாண்டி இவர் பக்கம் திரும்பவேயில்லை. அன்றைக்கு ஒருத்தரும் காளியண்ணனிடம் பேசவில்லை. வேலாயி மட்டும், கொழுந்தெடுக்கிற காலத்தில் அவரிடம் திட்டு வாங்கியே கிழவியானவள், பேசினாள். "கூட்டாளியையே குடுத்துட்டியே, நீயெல்லாம் மனுசனா?" ராத்திரி எல்லாரும் இருமலைத் தலையணைக்குள் அமுக்கிக்கொண்டார்கள். காளியண்ணனுக்கே காய்ச்சல் குளிரில் பல்லு கிட்டியது. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

மறுநாள் அர்ஜுனன் முன்னால், பெரட்டில் எல்லாரும் "இருக்கேன்" என்றார்கள். பாதி பொய். கடைசியில் காளியண்ணன், ஆயுசில் ஒருநாளும் கூப்பிடாத ஒரு பேரைக் கூப்பிட்டார்.

"காளியண்ணன்!"

வரிசையே திரும்பிப் பார்த்தது.

"வரல," என்றார் அவரே. "எனக்கும் காய்ச்சல்தான், டிரசர். லோரியக் கொண்டாரச் சொல்லுங்க."

போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பின்னாலிருந்து வேலாயியின் குரல் வந்தது.

"இந்தா, வேலாயியும் வரல. நில்லு, நானும் ஏறுறேன்."

ஆஸ்பத்திரியில் முனியாண்டி உயிரோடுதான் இருந்தார். காளியண்ணனைப் பக்கத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். பேசுவானா மாட்டானா? முனியாண்டி தலையை மெல்ல இவர் பக்கம் திருப்பினார். அப்புறம் ஈனக் குரலில் சொன்னார்.

"பிந்தி வந்துட்ட, கங்காணி. ஒனக்கு அரைப் பேருதான்."