கடைவாய்ப் பொந்து

சிறைச்சாலை மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கும் அந்த நர்சம்மாவுக்கு உள்ளே இருப்பவர்கள் வைத்த பெயர் மிளகாய் சிஸ்டர். அது அவருக்கும் தெரியும். "பேரு வச்சவன் வாயில ரெண்டு மிளகாயைத் தேய்க்கிறேன், வரச் சொல்லு" என்பார். வீட்டிலும் அதே குரல்தான். பஸ் ஓட்டும் கணவர், "நான் உன் புருஷன்மா, கைதி இல்ல. கொஞ்சம் மெதுவா பேசேன்" என்று கெஞ்சுவார்.

கத்தாமல் என்ன செய்வதாம்? மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க விரலில் ஒரு சொட்டு ரத்தம் கேட்டால், சொத்தையே எழுதிக் கேட்டதுபோல் பின்வாங்குகிறார்கள். ஆளைக் குத்திவிட்டு உள்ளே வந்தவன் ஊசியைக் கண்டு மயங்கி விழுகிறான். ரத்தத்தை எடுத்து வெளியே விற்கிறார்கள் என்று ஒரு புரளி. கிருமி இருந்தால் தனி அறைக்கு மாற்றிவிடுவார்கள் என்று இன்னொன்று. ஆனால் ஒரே பிளேடில் அறையே முகம் மழிக்கும், ஒரே ஊசியில் எல்லோரும் பச்சை குத்திக்கொள்வார்கள். அதற்கு மட்டும் பயமே கிடையாது. சுவரிடம் சொன்னாலாவது கேட்கும் என்று சிஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

அப்படித் தொண்டை வறளக் கத்திக் கண்டுபிடித்த ஆள்தான் கொத்தனார். ஈரல் கெட ஆரம்பித்திருந்தது. "இப்பவே கிருமியை ஒழிச்சா பிழைச்சுக்குவார். விட்டா, தண்டனை முடியறதுக்குள்ள ஆளே முடிஞ்சிடுவார்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்காணிப்பாளர் வாசலுக்கு நடையாய் நடந்து, சிஸ்டர் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்.

தினமும் காலையில் ஒன்று. சிஸ்டர் கண்முன்னே விழுங்க வேண்டும். "ஆ காட்டுங்க. நாக்கைத் தூக்குங்க." டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் விடுவார். சில நாள் கொத்தனார் "வரேன் சிஸ்டர்" என்று சிரித்துவிட்டுப் போவார். சில நாள் கேட்ட கேள்விக்குக்கூடப் பதில் சொல்லாமல், வாயை இறுக மூடிக்கொண்டு விறுவிறுவென்று நடையைக் கட்டுவார். "வந்துட்டாரு பெரிய மகாராஜா" என்று சிஸ்டர் முணுமுணுப்பார்.

மாத்திரையெல்லாம் முடிந்து, சில வாரம் கழித்து ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். கிருமி அப்படியே இருந்தது.

"எப்படிங்க இது? என்ன பண்ணீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"கோவப்படக் கூடாது சிஸ்டர்."

"அதெல்லாம் பட்டாச்சு. நீங்க சொல்லுங்க."

கொத்தனார் வாயை அகலத் திறந்து, கடைவாயில் பல் போன பொந்தைக் காட்டினார். ஒரு நாள் விழுங்குவாராம். மறுநாள் மாத்திரையை அந்தப் பொந்தில் அதக்கிக்கொண்டு போய், அறையில் கூட இருக்கும் தையல்காரருக்குக் கொடுப்பாராம். இருவரும் ஒரே ஊசியில் பச்சை குத்திக்கொண்டவர்கள். இருவரையும் பிரித்துவிடுவார்கள் என்று பயந்து தையல்காரர் பரிசோதனைப் பக்கமே வரவில்லை.

"சோப்பு வந்தா பாதி, சிகரெட் வந்தா பாதி. மருந்தை மட்டும் நான் ஒருத்தனே முழுங்கினா தொண்டையில எறங்குமா சிஸ்டர்? ஆளுக்குப் பாதி குணமாகட்டுமேன்னுதான்..."

"ஆளுக்குப் பாதியா? இது என்ன பன்னா, பிச்சுத் தின்ன? பாதிக் கிருமி செத்தா மீதி உங்களைப் பார்த்துக் கும்பிடுமா? படுபாவி மனுஷா, உங்க உசிருக்கு நான் அலையுறேன், நீங்க பங்கு வச்சு விளையாடுறீங்களா!" அந்தச் சத்தம் வராந்தா தாண்டிக் கேட்டது. சிஸ்டருக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

கையோடு தையல்காரரை வரவழைத்து விரலில் குத்தினார். பரிசோதனைப் பட்டையில் ஒரே கோடு. சந்தேகம் தீர இன்னொரு பட்டை. அதிலும் ஒரே கோடுதான். தையல்காரருக்குக் கிருமி இல்லை. என்றைக்குமே இருந்ததில்லை.

"டேய், உனக்கு ஒண்ணும் இல்லையாம்டா! தப்பிச்சிட்டடா!" என்று கொத்தனார் அவரைக் கட்டிக்கொண்டார்.

தையல்காரர் சிரிக்கவில்லை. "உன் உசிரையில்ல அண்ணே நான் தின்னுருக்கேன்" என்றார்.

சிஸ்டர் மறுபடி கண்காணிப்பாளர் வாசலில் போய் நின்றார். பெரிய டாக்டர் வேறு மருந்து எழுதியிருந்தார்.

"கொடுத்ததை வீணாக்கின ஆளுக்கு மறுபடியுமா? திரும்பவும் எவனுக்காவது தூக்கிக் கொடுத்தா?" என்றார் கண்காணிப்பாளர்.

சிஸ்டர் அன்று குரலை உயர்த்தவில்லை. கொத்தனாரிடம் அவர் போட்ட சத்தத்தைக் கேட்ட காவலர் மேலே சொல்லியிருந்தார். மருந்தைக் கைமாற்றியது குற்றமாம்.

"இனிமே கொடுக்க ஆள் இல்ல சார். தையல்காரரைத்தான் வேற சிறைக்கு அனுப்பிட்டீங்களே" என்றார்.

கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டார்.

புது மாத்திரை வந்துவிட்டது. சிஸ்டர் இப்போது டார்ச்சைக் கடைவாய் வரைக்கும் அடித்துப் பார்க்கிறார். பொந்து காலியாகத்தான் இருக்கிறது. கொத்தனார் தினமும் தவறாமல் "வரேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். சிரிப்பதுதான் இல்லை.