மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்த அரளி

செடிக்கடைத் தொழிலில், விற்ற பிறகும் செடி நம்மை விடாது. மதிலோர வெயிலுக்கு உயரமாக வளர்கிற பூச்செடி கேட்டு என்னிடம் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு பசுவைக் கொன்றவர் நீங்கள் ஒருத்தர்தான். பேர் சொல்லமாட்டேன். படிக்கும்போதே உங்களுக்குத் தெரியும்.

என்னைப்போலச் செடிக்கடை போட்டு மாட்டிக்கொண்டவர்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். சைக்கிள் கேரியரில் நாலு ரோஜாச் செடி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் ஆரம்பித்தவன் நான். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. மிச்சத்தையெல்லாம் பேரம் பேசியே படித்தேன். சட்டென்று கோபம் வருவதும் அந்தப் படிப்பில் சேர்த்திதான்.

போனில் பார்த்த பூ

கடியப்பட்டணத்திலிருந்து மீன்பிடி போட் வைத்திருக்கும் ஒருவர் வந்தார். புது வீட்டு மதிலோரத்துக்கு ஹெலிகோனியாதான் வேண்டும் என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். கிளிமூக்குகளைக் கோர்த்துத் தொங்கவிட்ட மாதிரி சிவந்த பூ. "அது நிழல்லயும் ஈரத்துலயும் நிக்கிற சாதி. உம்ம வீட்டுல வெயிலு, போதாததுக்கு உப்புக்காத்து. அரளி கொண்டுபோம்" என்றேன். அவர் கேட்கவில்லை. நானும் ரெண்டாவது தடவை சொல்லவில்லை. கேட்ட விலையைக் கொடுக்கிற ஆளை யார் விரட்டுவார்?

ரெண்டு மாசத்தில் ஒரு செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து நின்றார். இலையோரமெல்லாம் அடுப்பில் காட்டிய காகிதம் மாதிரி கருகியிருந்தது. "நான் அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொல்லலியா?" என்று கத்தினேன். மனுஷன் கோபப்படவே இல்லை. செடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "போன்ல காத்து அடிக்கலியே வே!"

ஜன்னல் உயரம்

கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டி ஓய்வு பெற்ற ஒருவர். அவருடைய சம்சாரம் விழுந்து, இடுப்பெலும்பு ஒடிந்து, படுத்த படுக்கை. கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில், வெறும் மண். தன் நெஞ்சுக்கு நேரே கையை வைத்து, "இந்த உயரத்துல பூ நிக்கணும். அவ படுத்துக்கிட்டே பாக்கணும். எது வெக்கம் பூக்கும்?" என்று கேட்டார். வெக்கம் என்றால் சீக்கிரம்.

செம்பருத்தியோ அரளியோ அந்த உயரத்துக்கு வர நாள் ஆகும். கல்வாழைக் கிழங்கு எடுத்துக் கொடுத்தேன். மூணு மாசத்தில் பூத்துவிடும் என்றேன். அவர் பேரம் பேசவில்லை. அதனால் நானும் பேசவில்லை.

மழை விட்ட ஒரு நாள் எஸ்டேட் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். ஏதோ குறை சொல்ல வருகிறார் என்று பதிலோடு தயாராக நின்றேன். அவர் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நல்ல செவப்பு. ஜன்னலுக்கு நேராத்தான் நிக்குது. கட்டிலத்தான் எடுத்தாச்சு."

மாடு கடிக்காத செடி

இனி உங்கள் கதை. ஆறடி உயரம் வேண்டும், வருஷம் முழுக்கப் பூக்க வேண்டும், தினமும் தண்ணீர் ஊற்ற முடியாது என்றீர்கள். மதிலை ஒட்டிய தென்னை விளையில் மாடு கட்டுகிறார்கள், அது எட்டிக் கடிக்கக்கூடாது என்றும் சொன்னீர்கள். கல்வாழை தண்ணீர் கேட்கும். செம்பருத்தியை மாடு ஒரே வாயில் முடித்துவிடும். "செவ்வரளி எடுங்க சார். மாடு கடிக்கவே கடிக்காது, எழுதித் தாரேன்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். பதினைந்து செடிக்கு அரைமணி நேரம் பேரம்.

நீங்கள் காரில் ஏறிய பிறகுதான் மிச்சத்தைச் சொன்னேன். "கொப்பு வெட்டுனா வெளிய போடப்பிடாது, குழி வெட்டி மூடணும். பச்சையா நின்னா கசப்புக்கு மாடு திரும்பிப் பாக்காது. வாடிட்டா தின்னுரும். தின்னா பிழைக்காது." கண்ணாடியை ரெண்டு விரல் அளவு இறக்கி நீங்கள் கேட்டது இது: "அதெல்லாம் சரி வே, கூட ரெண்டு செடி சும்மா தருவீரா?"

தந்தேன்.

சொர்ணத்தின் பசு

அந்த விளையில் மாடு கட்டுகிறவள் சொர்ணம். புருஷன் இல்லை. ஒரே பசு. அதன் பாலை டீக்கடைக்கு ஊற்றித்தான் ரெண்டு பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். உங்கள் மகள் நிச்சயதார்த்தத்துக்கு வீட்டைச் சுத்தம் பண்ணினீர்கள். வளர்ந்து நின்ற அரளியை வெட்டி, கொப்பையெல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தீர்கள். மூணு நாள் வெயிலில் கிடந்து வாடியது. நாலாம் நாள் பசு தின்றது. ஏழு மாசச் சினை. மாட்டு டாக்டர் வந்து, கடைவாயில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறக்கவே இல்லை.

"மாடு திங்காதுன்னு செடிக்கடைக்காரன்தானே சொன்னான்" என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். சொன்னேன்தான். விற்கிறதுக்கு வேண்டியதைச் சத்தமாகவும், உயிருக்கு வேண்டியதை மெதுவாகவும் சொன்னேன். அது என் தப்பு. அதைச் சொர்ணத்திடம் நேரிலேயே போய்ச் சொன்னேன். பசுவைக் கட்டியிருந்த குற்றியில் வெறுமனே கிடந்த கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். உங்கள் வீட்டு ஸ்பீக்கர் சத்தத்துக்கு நடுவே அவள் சொன்னாள்: "நீங்களாவது வந்தியளே அண்ணாச்சி. மதிலுக்கு அந்தப் பக்கம் பாட்டுதான் கேக்குது."

இப்போது அரளி கேட்டு யார் வந்தாலும் முதலில் விஷத்தைச் சொல்கிறேன், அப்புறம்தான் விலை. பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள், போகட்டும். என் பங்குக்கு ஒரு கிடாரிக் கன்றைச் சொர்ணத்தின் வீட்டில் கொண்டுபோய்க் கட்டிவிட்டேன். அது வளர்ந்து, ஈன்று, பால் கறக்க இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகும்.

அதனால் சார், ஒரு கறவை மாட்டின் கயிற்றை உங்கள் கையாலேயே பிடித்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போய், "கொப்பைப் போட்டது நான்தான்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்; எதற்கும் இறங்கி வந்து பழகிய வியாபாரி நான், இந்த ஒன்றில் மட்டும் ஒரு பைசா குறைக்கமாட்டேன்.