பதினோரு வருஷம் பார்த்த பாட்டு

ஒருவர் பாடுவதை ஒரு தடவைகூடக் காதால் கேட்காமல், அவர் நன்றாகப் பாடுவார் என்று எப்படிச் சொல்ல முடியும்?

போன வருஷம் பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் நான் தெருவை அளந்துகொண்டிருந்தபோது கூட்டாளி ஒருவன் இதைக் கேட்டான். எங்கள் தெருவில் இருக்கும் காளீஸ்வரி அக்கா டிவி பாட்டுப் போட்டிக்குப் போன நேரம் அது.  பிறகு அக்காவை நச்சரித்துக் கேட்டுத்தான் முழுக் கதையும் தெரிந்தது.

செட்டியார்பட்டியிலிருந்து காலை ஐந்தேகாலுக்கு மில் வேன் கிளம்பும். பதினோரு வருஷமாக அக்கா அதில் ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலைக்குப் போகிறார். ரிங் பிரேம் மிஷினில் அறுந்துபோகும் நூலை ஒட்டுவது அவர் வேலை. நூல் சுற்றும் ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் சுற்றுகிற இடம் அது. காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. அதனால் அங்கே எல்லாரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தையும் உதட்டாலேயே எழுதிக் காட்டுவார்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போதே அவருடைய புதுச் சட்டையைக் கிண்டல் செய்து முடித்துவிடுவார்கள். பாவம், அவருக்கு உதடு படிக்கத் தெரியாது.

அந்த இரைச்சலுக்குள் அக்கா பாடுவார். வேலை தொடங்கியதிலிருந்து ஷிப்ட் முடியும்வரை ஒரு பாட்டு மாற்றி ஒரு பாட்டு. எதிர் மிஷினில் நிற்கும் பாண்டிசெல்வி அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். முதல் வரிக்கு வாய் அசையும்போதே எந்தப் பாட்டு என்று கண்டுபிடித்துவிடுவார்.

"ஏட்டி, என்ன இன்னைக்குக் காலையிலேயே சோகப் பாட்டு? வீட்டுல சண்டையா?" என்று உதட்டால் கேட்பார்.

வீட்டில் அக்கா பாடுவதில்லை. கல்யாணமான புதிதில் பாத்திரம் கழுவும்போது ஒரு நாள் பாடினார். உள்ளேயிருந்து மாமியார், "யாரு வீட்டுலம்மா எழவு?" என்று கேட்டார். அதோடு சரி.

டிவி போட்டியின் புது சீசனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனில் விளம்பரம் வந்தபோது, அக்காவைக் கேட்காமலேயே பெயர் கொடுத்தது பாண்டிசெல்விதான். ஒரு கல்யாண மண்டபத்தில் தேர்வு. இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டுப் போனார்கள். டிவியிலிருந்து வந்திருந்த பிரேம்குமார் என்பவர் வாசலில் விவரம் கேட்டார்.

"இவங்க பாட்டை நீங்க கேட்டிருக்கீங்களா?"

"பதினோரு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன் சார்" என்றார் பாண்டிசெல்வி.

உள்ளே மூன்று பேர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். பேனைக்கூட நிறுத்திவிட்டார்கள். அக்கா முதல் வரியைப் பாடினார். சுவரில் பட்டு ஒரு குரல் திரும்பி வந்தது. பின்னால் வேறு யாரோ பாடுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. அது தன்னுடைய குரல்தான் என்று புரிந்ததும் பாட்டு அதோடு நின்றுவிட்டது.

"தேங்க்ஸ்மா. அடுத்த ஆள் வாங்க."

வெளியே வந்தவரைப் பாண்டிசெல்வி விடவில்லை. "அந்த மிஷினுக்கு முன்னால அம்புட்டுப் பாடுற. மூணு பேருக்கு முன்னால என்னட்டி வந்துச்சு?"

"சத்தமே இல்லட்டி. பயமா இருந்துச்சு. தல வேற வலிக்கு."

அன்றைக்கு அந்தப் பக்கம் கரண்ட் கட். மண்டபத்துக்குப் பின்னால் ரொம்பத் தள்ளி, சமையல்கட்டை ஒட்டி ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. "செத்த நேரம் இங்கன நிக்கேன்" என்று அக்கா அதன் பக்கத்தில் போய் நின்றார். அந்த இரைச்சல் காதுக்குள் போனதும் மூச்சு சீரானது. தன்னையறியாமல் பாட ஆரம்பித்தார். ஒரு படத்தில் தாய் பாடுகிற பழைய பாட்டு. பாண்டிசெல்வி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வழக்கம்போல எதிரே நின்று உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ குடிக்க அந்தப் பக்கம் வந்த பிரேம்குமார் கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "ஜெனரேட்டரைத் தாண்டி ஒரு கொரல் வருதேன்னு பாத்தேன். நீங்கதானா?" என்றார். ஆளை அனுப்பி ஜெனரேட்டர் பக்கத்திலேயே வீடியோ எடுக்கச் சொன்னார். அதை வைத்தே அக்காவைப் போட்டிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் கிளம்பும்போது பிரேம்குமார் ஒன்று சொன்னார்: "மூணு வாரத்துல சென்னையில ஷூட்டிங். செட்டுல குண்டூசி விழுந்தா கேக்கும். சத்தமில்லாத எடத்துல பாடிப் பழகிட்டு வாங்க."

ஜெயிக்க வேண்டும் என்று அக்காவுக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். தன் ஷிப்ட்டில் நிற்கிற பெண்கள் தன் பாட்டை ஒரு தடவையாவது முழுசாகக் காதால் கேட்க வேண்டும். மில்லில் அது நடக்காது. டிவியில் வந்தால் நடக்கும்.

பழக்கிவிடுகிற வேலையை வீட்டுக்காரர் சிவபாண்டி அண்ணன் எடுத்துக்கொண்டார். பேண்டேஜ் துணி ஏற்றுகிற லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். முதல் வாரம் கிரைண்டரை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று பாடச் சொன்னார். கிரைண்டரைச் சும்மா ஓட்ட முடியுமா? தினமும் அரிசி போட்டார்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் யாரும் கடையில் மாவு வாங்கவில்லை. தூக்குவாளி தூக்குவாளியாக வீட்டுக்கே வந்தது. இரண்டாவது வாரம் கிரைண்டரை நிறுத்திவிட்டு டேபிள் பேன் மட்டும். மூன்றாவது வாரம் அதையும் நிறுத்தினார்.

"மூணாவது வரியில நிக்குதுங்க" என்று அக்கா கண் கலங்கினார். "எங்கொரலே எனக்கு வேத்து ஆளாத் தெரியுது."

"வேத்து ஆளுன்னா வாங்கன்னு கூப்புடு. உக்காரச் சொல்லு. வெரட்டிவிடாத" என்றார் அண்ணன்.

சென்னையில் வாத்தியங்கள் முழங்கியபோது அக்காவுக்குப் பிரச்சினையே இல்லை. மில்லில் பாடுவதுபோலப் பாடினார். ஏன் வாயை இவ்வளவு பெரிதாகத் திறக்கிறீர்கள் என்று நடுவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அக்கா மில் கதையைச் சொன்னார். அவர் எழுந்து நின்று கைதட்டினார். அதோடு விட்டிருக்கலாம். "மியூசிக் இல்லாம, உங்க கொரல் மட்டும் கேக்கணும். அந்தப் பல்லவியைப் பாடுங்க" என்றார்.

செட் அடங்கியது. இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரி வரவில்லை.

போட்டி அக்காவுக்கு அதோடு முடிந்தது. திங்கட்கிழமை மறுபடியும் மில் வேனில் உட்கார்ந்திருந்தார். 

அந்த எபிசோட் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பானது. ஷிப்ட்டிலிருந்து எட்டுப் பெண்கள் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் பிச்சையம்மாள். டிவிக்கு நேர் எதிரே கால் நீட்டி இடம் பிடித்துக்கொண்டார். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

முதலில் மில்லைக் காட்டினார்கள். அதன்மேல் அழுகிற வயலின். விளம்பரம். அக்கா மேடைக்கு நடந்து வருவதை மெதுவாகக் காட்டினார்கள். மறுபடியும் விளம்பரம். கடைசியில் பாட்டு வந்தது. நாலு வரி போவதற்குள் நடுவர் முகம், கூட்டத்தின் முகம், கைதட்டல். அடுத்து, அக்கா மூன்றாவது வரியில் திணறியதை இடிச் சத்தத்தோடு மூன்று தடவை காட்டினார்கள். முடிந்துவிட்டது.

"அம்புட்டுதானா?" என்றார் பிச்சையம்மாள்.

"ஏலே, பாட்டப் போடுங்கலே! வரிஞ்சுகட்டிக்கிட்டு வந்து உக்காந்திருக்கோம்ல" என்று டிவியைப் பார்த்துக் கத்தினார் பாண்டிசெல்வி.

சிவபாண்டி அண்ணன் எழுந்து டிவியை அணைத்தார். அத்தனை பேர் இருந்த வீட்டில் பொட்டுச் சத்தமில்லை. எட்டுப் பெண்களும் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். சரியாகச் சொன்னால், வாயைப் பார்த்தார்கள்.

அக்கா சுவரில் சாய்ந்து நின்று ஆரம்பித்தார். ஒரு வரி. இரண்டு வரி. மூன்றாவதில் நின்றது. யாரும் 'பாடு, பாடு' என்று சொல்லவில்லை. அறுந்த நூலை ஒருத்தி ஒட்டி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கிறவள் எப்படிப் பொறுமையாக நிற்பாளோ, அப்படி இருந்தார்கள்.  அக்கா மூன்றாவது வரியைத் திரும்ப எடுத்தார். கொஞ்சம் நடுங்கியது, ஆனால் வந்தது. பிறகு சரணம், இரண்டாவது சரணம், முழுப் பாட்டும்.

முடிந்ததும் பாண்டிசெல்வி கன்னத்தில் கை வைத்தபடி இருந்தார்.

"ஏட்டி, நான் நெனச்ச கொரல் இது இல்லையே."

"எப்படி நெனச்ச?"

"மெலிசா, கீச்சுன்னு. இவ்வளவு நாளும் எம்மனசுக்குள்ள வேற எவளோல்லா பாடிக்கிட்டு இருந்திருக்கா! இது என்ன, இம்புட்டுக் கனமா இருக்கு?"

அக்காவின் முகம் வாடிவிட்டது. "நல்லா இல்லையாட்டி?"

 பாண்டிசெல்வி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா பாடு. பழகணும்ல."

அக்கா பாடினார். அன்றைக்கு எட்டு மணிவரை யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

அந்த எபிசோடை இப்போதும் யாராவது போனில் தேடி எடுத்துப் பார்க்கிறார்கள். அதில் இருப்பது, ஒரு மில் பெண் மூன்றாவது வரியில் திணறுவது மட்டும்தான். பல பேர் அவ்வளவுதான் பார்த்திருக்கிறார்கள். அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த இரண்டு பேரிடமாவது சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். செட்டியார்பட்டி காளீஸ்வரி அந்தப் பாட்டை முழுசாகப் பாடினார் என்று சொல்லுங்கள்.