சாத்திய கதவுக்கு வெளியே

பிரசவ அறைக் கதவு சாத்தியதும் மரியபுஷ்பம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். உள்ளே குழந்தை அழும்வரை அவிழ்க்க மாட்டார். ஏற்காட்டில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் அவர். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குள் இருந்து இந்தக் காட்சியைப் பார்க்கிறவன் நான்.

"ஏனுங்க சிஸ்டர், கையை ஆரு கட்டிப் போட்டது?" என்று ஒரு நாள் சீண்டினேன்.

"நாந்தானுங்க. அவுத்துட்டா அது பாட்டுக்கு உள்ள போயிருமுங்க" என்றார்.

போகும்தான். இந்த ஊரில் பாதிப் பிள்ளைகளை முதலில் தொட்ட கை அது. ஆனால் போகக் கூடாது என்று சட்டம் போட்டதும் அவரேதான். கர்ப்பிணியை முதல் தடவை சோதித்த நர்ஸ்தான் பிரசவமும் பார்க்க வேண்டும், டூட்டி மாறினாலும் ஆள் மாறக் கூடாது, தலைமை நர்ஸும் உள்ளே போகக் கூடாது என்பது அவர் கொண்டுவந்த ஏற்பாடு.

காரணம் செம்மநத்தம் கண்ணாயி. போன பிரசவத்துக்கு வந்து வலியோடு படுத்திருந்தவளிடம், மத்தியான டூட்டிக்கு வந்த வேறொரு நர்ஸ் சேலையை விலக்கச் சொன்னாள். "ஆரு எவருன்னே தெரியாத பொண்ணுங்க" என்று எழுந்த கண்ணாயி ஊரைப் பார்க்க நடந்துவிட்டாள். வழியில் பிறந்த குழந்தை தங்கவில்லை. மரியபுஷ்பம் அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறுநாள் இந்த ஏற்பாட்டோடு டாக்டர் முன்னால் போய் நின்றார். "சரி, செஞ்சு பாருங்க. இனி ஒருத்தி திரும்பிப் போனாலும் பழையபடிதான்" என்று டாக்டர் அரை மனதாகச் சம்மதித்தார். நர்ஸ்களோ, "எங்களுக்கு ஊடு வாசல் இல்லீங்களா?" என்று முறைத்தார்கள். முறைத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் மரியபுஷ்பம் போய், பிள்ளைகளைக் கொஞ்சி, காப்பியும் வாங்கிக் குடித்து, சம்மதம் வாங்கிய பிறகுதான் எழுந்தார். பிடிவாதக்காரி!

கண்ணாயி மறுபடி கர்ப்பமானாள். பாப்பாத்தி என்கிற இளம் நர்ஸ்தான் முதலில் சோதித்து, மாதாமாதம் செம்மநத்தம் போய்ப் பார்த்து வந்தாள். நேற்றுக் காலை, எதிர்பார்த்ததற்கு முன்பாகவே வலி கண்டு, மாமியார் குப்பாயியோடு கண்ணாயி ஜீப்பில் வந்து இறங்கினாள். பாப்பாத்தியோ வேறொருத்தியைப் பார்க்க நாகலூர் போயிருந்தாள்.

"பாப்பாத்திப் புள்ள எங்கீங்க?" வராந்தாத் தூணைப் பிடித்தபடி நின்றுவிட்டாள் கண்ணாயி. "அது வந்தாத்தான் நான் உள்ள வருவேனுங்க."

வந்த ஜீப்பையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மரியபுஷ்பம் நாகலூர் எஸ்டேட் ரைட்டருக்குப் போன் போட்டு, பாப்பாத்தியை உடனே அனுப்பச் சொல்லிவிட்டு, கண்ணாயியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துருவா சாமி. அதுவரைக்கும் நானும் உங்கூட இங்கியே நிக்கிறேன்."

நாகலூர் பஸ்ஸிலிருந்து பாப்பாத்தி இறங்கி ஓடி வந்த பிறகுதான் கண்ணாயி தூணை விட்டாள். இருவரும் உள்ளே போனதும் கதவு மூடிக்கொண்டது. மரியபுஷ்பத்தின் கைகள் பின்னால் போயின. மத்தியான டூட்டி நர்ஸ் பழைய வழக்கம் மறக்காமல் கதவை நோக்கி நடந்தாள். மரியபுஷ்பம் கையை அவிழ்க்காமலே நகர்ந்து, கதவை மறைத்து நின்றார்.

"நீங்களாச்சும் உள்ள போகலீங்களா?" என்றாள் குப்பாயி.

"எனக்கு அங்க என்னங்க வேல?" என்றார் மரியபுஷ்பம்.

கடைசியில் அழுகுரல் கேட்டது. அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவைத் திறந்துகொண்டு, துணியில் சுற்றிய குழந்தையோடு பாப்பாத்தி வந்தாள்.

"அக்கா, மொதல்ல உங்க கையில குடுக்கச் சொல்லுதுங்க கண்ணாயி."

கோத்திருந்த விரல்கள் சட்டென்று பிரியவில்லை. மரத்துப்போன கைகளை நன்றாக உதறிவிட்டு, மரியபுஷ்பம் குழந்தையை ஏந்தினார்.