முகம் பார்க்காத புரோக்கர்

எங்கள் ஆபீஸில் அவரை எல்லோரும் ‘காலி அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவோம். வீடு வாங்கிப் போட்டு, விலை ஏறியதும் விற்கிறவர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். வீட்டில் காற்று வருமா, வெளிச்சம் வருமா என்ற கவலையெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. சொன்ன தேதியில் வீடு காலியாகக் கைக்கு வரவேண்டும், அவ்வளவுதான். "காலி பண்ணிக் கொடுக்கிறது என் பொறுப்பு சார், நீங்க நிம்மதியா தூங்குங்க" என்பார் அண்ணன். சொன்னபடி செய்தும் காட்டுவார், மனுஷன்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பேரம் முடிகிறவரை குடியிருப்பவர்களைப் போய்ப் பார்க்கவே மாட்டார். எல்லாம் வீட்டுக்காரரோடு போனிலேயே நடக்கும். "முகத்தைப் பாத்துட்டா மனசு இளகிடும்டா, அப்புறம் பொழப்பு நாறிடும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் நானும் அதே மேஜையில்தானே உட்கார்ந்திருந்தேன்.

அன்று ஒரு தரைத்தள வீடு. பேரம் முடிந்து, வாங்குகிறவர் உள்ளே பார்க்க வேண்டும் என்றதால் மூவரும் போனோம். வாசற்படியை ஒட்டிப் புதுச் சிமெண்டில் சரிவு போட்டிருந்தார்கள்.

"இதை முதல்ல இடிக்கணும்" என்றார் வாங்குகிறவர்.

"ஒரே அடியில போயிடும் சார்" என்று சிரித்துக்கொண்டே அண்ணன் மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தது அவருடைய சொந்த அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. விபத்தில் மாமாவின் கால் போனதும், அவர்கள் வீடு மாறியதும் அவருக்குத் தெரியும். புது விலாசத்தை அக்கா போனில் அனுப்பியிருந்தார். "அடுத்த வாரம் வரேன்க்கா" என்று சொல்லிச் சொல்லியே அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை இந்தப் பாவி.

"வாடா, வாடா! இப்பவாச்சும் வழி தெரிஞ்சுதே!" அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னங்க, யாரு வந்திருக்கான் பாருங்க!"

மாமா சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல நேரத்துல வந்தேடா. இந்த வீட்டை விக்கறாங்களாம். நாற்காலி நுழையற வாசல் வேணும்னு நாயா அலைஞ்சு பிடிச்ச வீடு. எவனோ ஒரு புரோக்கர், சத்தமில்லாம எங்களை வெளிய அனுப்பிடறேன்னு வாக்குக் கொடுத்திருக்கானாம். நீ இதே தொழில்லதானே இருக்கே, அந்த ஆளு யாருன்னு விசாரிச்சுக் கொஞ்சம் பேசிப் பாரேன்."

 

வாங்குகிறவர் அண்ணன் தோளைத் தொட்டு, "நீங்க சொன்ன தேதியில மாத்தம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். பிடித்திருந்த கையை விட்டுவிட்டார்.